வீடு, மனைத் தரகர் யூடியூப் சேனல் தொடங்குவது எப்படி?

கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் பகுதியில் ஆறு ஆண்டுகளாக வீடு, மனைத் தரகு செய்துவரும் நீங்கள், யூடியூப்பில் சொந்தமாக ஒரு சேனல் தொடங்க விரும்புவதாகச் சொல்லி, எந்தக் கேமரா வாங்குவது, எதைப் படம் பிடிப்பது, எத்தனை நாளில் பலன் கிடைக்கும், சட்டச் சிக்கல் ஏதும் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இதே ஜிஎஸ்டி சாலை வட்டாரத்தில் பல ஆண்டுகளாகத் தரகுத் தொழிலில் இருப்பவன்; சில ஆண்டுகளாகச் சேனலும் நடத்திவருகிறேன். நீங்கள் கேமராவை முதலில் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அதற்கு முன்பு பேசித் தெளிய வேண்டிய ஒன்று இருப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நம் தொழில் காலங்காலமாக வாய்வார்த்தையில் நடந்துவந்த தொழில். 'ஸ்டேஷனுக்குக் கூப்பிடு தூரம்', 'தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும்', 'பேப்பரெல்லாம் கிளியர்' என்று வாங்க வரும் பார்ட்டியிடம் நேரில் சொல்லும் சொல், பேரம் முடிந்ததும் காற்றோடு போய்விடும். பின்னாளில் வில்லங்கம் வந்தாலும் யார் எதைச் சொன்னார் என்பதற்குச் சாட்சி இருக்காது. காணொளியில் சொன்ன சொல் அப்படிப் போவதில்லை. அது நீங்கள் கையெழுத்துப் போட்டு ஊருக்கே கொடுத்த எழுத்துக்குச் சமம். யார் வேண்டுமானாலும், எத்தனை ஆண்டு கழித்தும் அதை எடுத்துப் போட்டுக் காட்டலாம். சேனலால் ஒரு தரகருக்குக் கிடைக்கும் பலன், வரும் ஆபத்து இரண்டும் இந்த ஒரு காரணத்திலிருந்தே பிறக்கின்றன என்பது என் அனுபவம்.

நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது. சேனல் தொடங்கிய புதிதில், ஊரப்பாக்கத்துக்கு உட்புறமாக இருந்த ஒரு லேஅவுட்டில் மனை ஒன்றைப் படம் பிடித்து, விற்பவர் சொன்னதை அப்படியே நம்பி, '30 அடிச் சாலை' என்று சொல்லி வெளியிட்டேன். துபாயில் வேலை பார்க்கும் ஒருவர் அதைப் பார்த்து வைத்திருந்து, விடுமுறையில் வந்தபோது நேரில் பார்க்க வந்தார். பையிலிருந்து ஒரு டேப்பை எடுத்து அதன் முனையை என் கையில் கொடுத்து, மனையின் எல்லைக் கல்லில் வைத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, அவர் எதிர் மனையின் வேலி வரை நடந்தார். 23 அடிதான் இருந்தது. அவர் கோபப்படவில்லை. கைப்பேசியில் என் காணொளியைத் திறந்து, நான் '30 அடி' என்று சொல்லும் அந்த இடத்தை மட்டும் இரண்டு முறை ஓட்டிக் காட்டினார். 'உங்க வார்த்தையை நம்பித்தான் சார் டிக்கெட் போட்டேன்' என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிக்கொண்டார். அன்று மாலை லேஅவுட் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். அதில் 23 அடி என்றே அச்சாகியிருந்தது. படம் பிடிக்கும் முன்பு ஐந்து நிமிடம் செலவழித்திருந்தால் என் கண்ணிலும் பட்டிருக்கும். அதன் பிறகு டேப் இல்லாமல் நான் எந்தப் படப்பிடிப்புக்கும் போனதில்லை. சாலையையும் படுக்கையறையையும் கேமராவின் முன்பே அளக்கிறேன். அந்த அளவெடுப்புக்காகவே என்னைத் தேடி வருபவர்கள் இன்று இருக்கிறார்கள்.

சட்டப்படியும் நிலைமை இதுதான். நாம் ரேரா என்று சொல்லும் 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், விளம்பரம் என்ற சொல்லுக்கு எந்த ஊடகத்தின் வழியாக வந்தாலும் பொருந்தும்படி விளக்கம் தருகிறது. எனவே 'இது வெறும் யூடியூப் வீடியோதானே' என்று சொல்லித் தப்ப முடியாது. அந்தச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, பதிவு பெற்ற திட்டங்களில் மனையோ வீடோ விற்றுக்கொடுக்கும் தரகர் தாமும் பதிவு பெற்றிருக்க வேண்டும். முடித்துத் தரும் ஒவ்வொரு விற்பனையிலும் தம் பதிவு எண்ணைக் குறிப்பிட வேண்டும். பதிவு பெற வேண்டிய திட்டம் பதிவு பெறாமல் இருந்தால், அதை விற்றுக்கொடுக்கக் கூடாது என்கிறது 10ஆம் பிரிவு. நிலப்பரப்பு 500 சதுர மீட்டரைத் தாண்டாத அல்லது 8 குடியிருப்புகளுக்கு மேற்படாத சிறு திட்டங்களுக்குப் பதிவிலிருந்து விலக்கு உண்டு. 9, 10ஆம் பிரிவுகளை மீறும் தரகருக்கு, மீறல் நீடிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 10,000 ரூபாய் வீதம், சொத்து மதிப்பில் 5 சதவீதம் வரை அபராதம் விதிக்க 62ஆம் பிரிவு வழி செய்கிறது. நேரில் செய்த தவறாவது வெளியே தெரியாமல் போகலாம். காணொளியில் செய்த தவறுக்கு நாளும் தேதியும் அந்தக் காணொளியின் கீழேயே பதிந்திருக்கும். ஆகவே பதிவு இல்லையென்றால் முதலில் அதைப் பெற்றுக்கொள்ளுங்கள். பெற்றபின் அந்த எண்ணைச் சேனலின் முகப்பிலும் ஒவ்வொரு காணொளியின் விளக்கக் குறிப்பிலும் போடுங்கள். திட்டத்துக்கும் பதிவு எண் இருந்தால் அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அங்கீகாரமில்லாத மனைகளைப் பொறுத்தவரை என் கருத்து கண்டிப்பானது. விளைநிலத்தை அனுமதி பெறாமல் மனைகளாகக் கூறு போட்டு விற்பதைப் பத்திரப்பதிவு செய்யக் கூடாது என்று பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தமிழ்நாட்டில் தடை விதிக்கிறது. பழைய மனைகளுக்காக 2017இல் கொண்டுவந்த வரன்முறை விதிகளிலும் 2016 அக்டோபர் 20 என்ற நாளே எல்லையாக வைக்கப்பட்டது. இவ்வளவு இருந்தும், 'பண்ணை நிலம்' என்ற பெயரில் வேலி போட்டு, நுழைவாயில் கட்டி, பத்துப் பத்து சென்டாகப் பிரித்துக் காட்டும் காணொளிகள் இன்றும் வருகின்றன. பார்ப்பவர் அதில் வீடு கட்டலாம் என்று நினைத்துத்தான் வாங்குகிறார். அத்தகைய நிலத்தை உங்கள் சேனலில் காட்டாதீர்கள். எத்தனை சதவீதம் கமிஷன் தருவதாகச் சொன்னாலும் காட்டாதீர்கள்.

எந்தச் சொத்தானாலும் கேமராவை எடுக்கும் முன்பு ஆவணத்தைப் பாருங்கள். பதிவுத் துறையின் இணையதளத்தில் ஈசி, அதாவது வில்லங்கச் சான்று, போட்டுப் பார்க்க முடிகிறது. வருவாய்த் துறையின் இணையச் சேவையில் பட்டாவையும் புல வரைபடத்தையும் பார்க்க முடிகிறது. சர்வே எண்ணும் உட்பிரிவும் பத்திரத்திலும் பட்டாவிலும் ஒத்துப்போகின்றனவா, மூலப் பத்திரம் உரிமையாளர் கையில் இருக்கிறதா அல்லது வங்கியில் அடமானத்தில் இருக்கிறதா, உடன்பிறந்தவர்கள் கையெழுத்துப் போட வேண்டிய பங்கு ஏதும் உண்டா என்ற இவ்வளவையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே நான் படம் பிடிக்கப் போகிறேன். இதில் அரை நாள் போகும். ஆனால் பத்துக்கு மூன்று சொத்தாவது இந்த இடத்திலேயே கழிந்துவிடுவதால், கழிந்தவற்றைப் படம் பிடிக்கும் வேலை மிச்சம். பட்டாவையும் பத்திரத்தையும் கேமராவில் அப்படியே காட்டிவிடாதீர்கள். அவற்றில் உரிமையாளரின் தந்தை பெயர், முகவரி, ஆதார் எண், புகைப்படம் எல்லாம் இருக்கும். 'பார்த்தேன், இன்ன ஆண்டு முதல் ஈசி பார்த்தேன், இன்ன வங்கிக் கடன் நிலுவை உண்டு' என்று நீங்கள் சொன்னால் போதும்.

அதே நேரத்தில் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அரைப் பக்கக் கடிதம் போதும்: வீட்டின் உள்ளும் புறமும் படம் பிடிக்கச் சம்மதம், சொல்லப்போகும் விலை, எத்தனை மாதங்களுக்கு இந்தக் காணொளி இருக்கலாம், சொத்து விற்ற பின்னும் அது சேனலில் இருக்கலாமா என்ற நான்கு செய்திகள் அதில் இருக்க வேண்டும். வாடகைக்குக் குடியிருப்பவர் வீட்டில் இருந்தால் அவரிடமும் தனியாகக் கேளுங்கள். வீடு உரிமையாளருடையதாக இருந்தாலும், அதற்குள் கிடக்கும் பாயும் பாத்திரமும் பூஜை மாடமும் குடியிருப்பவருடையவை. அவர் வேண்டாம் என்றால், அவர் காலி செய்யும் வரை காத்திருப்பதே முறை.

இனி எதைப் படம் பிடிப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். பெரும்பாலான தரகர்கள் விற்பனைக்கு வரும் வீடுகளை மட்டுமே காட்டுகிறார்கள். அதில் ஒரு குறை உண்டு: அந்த வீடு விற்ற நாளோடு அந்தக் காணொளியின் ஆயுள் முடிந்துவிடுகிறது. பகுதியைப் பற்றியும் நடைமுறையைப் பற்றியும் எடுக்கும் காணொளிகள் அப்படியல்ல. 'கூட்டுப் பட்டாவைத் தனிப் பட்டாவாக மாற்றுவது எப்படி', 'டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரத்துக்கும் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அங்கீகாரத்துக்கும் என்ன வேறுபாடு', 'கிரவுண்டு கணக்கையும் சென்ட் கணக்கையும் எப்படிப் பொருத்திப் பார்ப்பது' போன்ற கேள்விகளை மக்கள் ஆண்டு முழுவதும் தேடிக்கொண்டே இருப்பார்கள். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஆக ஒரு கிரவுண்டு ஏறத்தாழ ஐந்தரை சென்ட் என்று ஒரு மனையில் நின்று கயிறு கட்டிக் காட்டுங்கள். கோயம்புத்தூரிலிருந்து இங்கே மாற்றலாகி வந்து, சென்ட் கணக்கு மட்டுமே தெரிந்த ஒருவருக்கு அது எவ்வளவு பயன்படும் என்று எண்ணிப் பாருங்கள். பத்திரச் செலவும் அப்படித்தான். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று 2023 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருப்பதை, 50 லட்ச ரூபாய் மதிப்புள்ள சொத்தை வைத்துக் கணக்குப் போட்டு, நாலரை லட்சம் தனியாக எடுத்து வைக்க வேண்டும் என்று சொன்னால், வீட்டு விலையை மட்டுமே மனத்தில் வைத்திருந்த குடும்பம் உங்களை நன்றியோடு நினைக்கும். இத்தகைய விகிதங்கள் மாறும்போது பழைய காணொளியின் மேல் ஒரு குறிப்பு ஒட்டி, புதியதை எடுத்துப் போட வேண்டியது உங்கள் கடமை.

பகுதியைப் பற்றிய காணொளிகளே என்னைப் பொறுத்தவரை சேனலின் உயிர்நாடி. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டதிலிருந்து, நம் பக்கம் வரும் விளம்பரமெல்லாம் 'கிளாம்பாக்கத்திலிருந்து 10 நிமிடம்' என்றே தொடங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வேண்டுமானால் அது பத்து நிமிடமாக இருக்கலாம். நீங்கள் ஒரு திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு மனையிலிருந்து வண்டியை எடுத்து, கைப்பேசிக் கடிகாரம் தெரியும்படி வைத்து, முனையம் வரை போய்க் காட்டுங்கள். ரயில்வே கேட்டில் நின்ற நேரத்தையும் வெட்டாதீர்கள். அலுவலகம் போகிறவருக்கு வேண்டியது அந்த நேரம்தான். வரப்போகும் திட்டங்களைச் சொல்வதிலும் இதே கவனம் வேண்டும். அறிவிப்பு வேறு, அரசு ஒப்புதல் வேறு, நிதி ஒதுக்கீடு வேறு, பணி நடப்பது வேறு. மெட்ரோ ரயிலோ பரந்தூர் விமான நிலையமோ, எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அந்தக் கட்டத்தை மட்டும் சொல்லுங்கள். 'வந்துவிட்டால் விலை இரண்டு மடங்காகும்' என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது. அதற்கு நீங்கள் பொறுப்பேற்க முடியாது.

வீட்டைக் காட்டும்போது பார்ட்டியின் கால் எப்படி நடக்குமோ அப்படியே கேமரா நடக்க வேண்டும். பிரதான சாலையில் தொடங்கித் தெருவுக்குள் திரும்பி, எதிரே என்ன இருக்கிறது, பக்கத்தில் காலி மனையா, கல்யாண மண்டபமா, வொர்க்‌ஷாப்பா என்று காட்டி, வாசலில் நின்று திசையைச் சொல்லி, பிறகு உள்ளே போங்கள். நேரே வரவேற்பறையில் தொடங்கும் காணொளியைப் பார்ப்பவர், தெருவை ஏன் காட்டவில்லை என்றுதான் முதலில் யோசிப்பார். தெரு நேரே வந்து முட்டும் தெருக்குத்து மனையாக இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். நமக்கு அதில் நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது இங்கே கேள்வியல்ல. வாங்குகிறவர் வீட்டுப் பெரியவர் வந்து பார்த்த உடனே அதைக் கேட்பார், அந்த நொடியில் பேரம் முறியும். கைப்பேசியில் இருக்கும் 0.5 அகலக் கோணத்தை அறைகளுக்குள் பயன்படுத்தாதீர்கள். பத்துக்குப் பத்து அறையைக் கல்யாணக் கூடம்போல் காட்டும் அந்தக் கோணத்தால் தொலைபேசி அழைப்பு கூடும். ஆனால் நேரில் வந்த பார்ட்டியின் முகம் கதவருகிலேயே வாடிவிடும்.

தண்ணீரைக் காட்ட நான் செய்வதையும் சொல்கிறேன். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் பேனா அளவில் கிடைக்கிறது. சில நூறு ரூபாய்தான். போர் தண்ணீரை நேரே மோட்டார் குழாயிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து, மீட்டரை அதில் அமிழ்த்தி, எண் ஓடி நிற்கும் வரை கேமராவை அசைக்காமல் வைத்திருப்பேன். குடிநீருக்கான இந்தியத் தர அளவின்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கலாம் என்பதைச் சொல்லிவிட்டு, வந்த எண்ணையும் சொல்வேன். ஒருமுறை எண் 1,400ஐத் தாண்டியது. உரிமையாளர் பின்னாலிருந்து 'அதை வெட்டிவிடுங்கள்' என்று கேட்டுக்கொண்டார். வெட்டவில்லை, அவருக்கு விளக்கிச் சொல்லி, விலையைக் கொஞ்சம் இறக்கச் சொல்லி, அந்த எண்ணோடுதான் வெளியிட்டேன். சில நூறு பேர்தான் அதைப் பார்த்தார்கள். வாங்கிய குடும்பம் 'தண்ணீரைப் பற்றி உண்மையைச் சொன்னீர்கள், மற்றதிலும் சொல்லியிருப்பீர்கள் என்று நம்பி வந்தோம்' என்றார்கள். அடுக்குமாடி வீடு என்றால் உள்ளே புழங்கும் இடமான கார்ப்பெட் ஏரியாவையும், நிலத்தில் அந்த வீட்டுக்குரிய பிரிக்கப்படாத பங்கான யுடிஎஸ்ஸையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். 1,100 சதுர அடி என்று மொத்தமாகச் சொல்லி, உள்ளே புழங்கும் இடம் 800 அடிதான் என்பதை மறைப்பது ஏமாற்றுதலே.

விலையைச் சொல்லுங்கள். 'விலைக்கு அழைக்கவும்' என்று போட்டால் அழைப்புகள் நிறைய வரும் என்று பலர் நினைக்கிறார்கள். வருவதென்னவோ உண்மைதான், ஆனால் அவற்றில் பெரும்பாலானவை விலை கேட்டதும் முடிந்துவிடும் அழைப்புகள். விலையைச் சொல்லிவிட்டால் அழைப்பு குறையும். வருகிற அழைப்பு வாங்கக்கூடியவருடையதாக இருக்கும். உரிமையாளர் தயங்கினால் 'இவ்வளவு கேட்கிறார், நேரில் பேசிக்கொள்ளலாம்' என்று சொல்ல ஒப்புக்கொள்ள வையுங்கள். அதற்கும் ஒப்பாதவரின் வீட்டை நான் சேனலில் போடுவதில்லை.

இங்கே ஒரு நியாயமான பயம் உங்களுக்கு வரும். எல்லாவற்றையும் காட்டிவிட்டால் வேறு தரகரோ, பார்ட்டியோ நம்மை ஒதுக்கிவிட்டு நேரே உரிமையாளரிடம் போய்விடமாட்டார்களா? போவார்கள். எனக்கே நடந்திருக்கிறது. கதவு எண்ணையும் தெருப் பெயர்ப் பலகையையும் தவிர்த்து எடுப்பதும், சர்வே எண்ணைக் காணொளியில் சொல்லாமல், நேரில் வந்து பார்த்த பார்ட்டிக்கு மட்டும் கொடுப்பதும் ஓரளவு காப்பாற்றும். ஆனால் சரியான வழி, மூன்று மாதத்துக்கு உங்கள் வழியாக மட்டுமே விற்பதாக உரிமையாளரோடு ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்வதுதான். நம் ஊரில் அதற்குப் பலர் சம்மதிப்பதில்லை என்பது உண்மை. உங்கள் சேனலின் பத்துக் காணொளிகளைக் காட்டி, உங்கள் வீட்டுக்கும் இவ்வளவு உழைப்புப் போடுவேன் என்று கேட்டுப் பாருங்கள். முன்பு முகம் கொடுத்துப் பேசாதவர்களும் சம்மதிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இதைவிடப் பெரிய தீங்கு ஒன்று இருக்கிறது. வாடகை வீட்டுக் காணொளிகளைத் திருடி, தன் எண்ணைப் போட்டு மீண்டும் வெளியிட்டு, 'டோக்கன் அட்வான்ஸ் அனுப்பினால் வீட்டைப் பிடித்து வைக்கிறேன்' என்று பணம் பறிக்கும் கூட்டம் உண்டு. ஏமாறுபவர் பெரும்பாலும் வெளியூரிலிருந்து முதல் வேலைக்கு வரும் பிள்ளையாக இருப்பார். உங்கள் பெயரும் எண்ணும் காணொளியின் நடுப்பகுதியிலேயே, வெட்டி எடுக்க முடியாதபடி, எப்போதும் தெரியட்டும். 'வீட்டை நேரில் பார்க்காமல் யாருக்கும், எனக்கும்கூட, ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள்' என்று ஒவ்வொரு காணொளியிலும் உங்கள் குரலில் சொல்லுங்கள். வாடகை வீட்டைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று: குறிப்பிட்ட சாதியாருக்கு, மதத்தாருக்கு மட்டும் என்று உரிமையாளர் நிபந்தனை போட்டால், அதை உங்கள் வாயால் ஊருக்கு அறிவிக்காதீர்கள். அத்தகைய வீட்டை எடுக்காமல் விடுவதில் உங்களுக்குப் பெரிய நட்டம் ஏதும் வந்துவிடாது.

கேமராவுக்கு வருகிறேன். இப்போது உங்கள் கையில் இருக்கும் கைப்பேசியே போதும். பணம் போட வேண்டியது ஒலிக்கு. சட்டைக் காலரில் மாட்டும் வயர்லெஸ் மைக் ஒன்றையும், அதன்மேல் மாட்டும் பஞ்சு உறையையும் வாங்குங்கள். திறந்த மனையில் வீசும் காற்று, உறையில்லாத மைக்கில் மோதினால் நீங்கள் பேசியது எதுவும் கேட்காது. கை நடுக்கத்துக்கு, கைப்பேசியை ஆடாமல் பிடிக்கும் கிம்பல் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் மெதுவாக நடந்தால் போதும். காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் எடுங்கள்; விளக்குகளை அணைத்து ஜன்னல்களைத் திறந்து எடுத்தால் வீட்டுக்குள் உள்ளபடி எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்பது தெரியும். பின்னணியில் சினிமாப் பாட்டுப் போடாதீர்கள்; உரிமைக் கோரிக்கை வந்து காணொளி முடங்கலாம். ட்ரோன் காட்சிக்கு ஆசைப்பட்டால், 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைத் தொழிலுக்காகப் பறக்க விட 2021ஆம் ஆண்டு விதிகளின்படி ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும் என்பதையும், மீனம்பாக்கம் விமான நிலையம், தாம்பரம் விமானப்படைத் தளம் இரண்டும் நமக்கு அருகில் இருப்பதால் வான்வெளிக் கட்டுப்பாடு உண்டா என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் பார்த்தாக வேண்டும் என்பதையும் மறவாதீர்கள். சான்றிதழ் உள்ள ஒருவரை அழைத்துக்கொள்வதே எளிது.

தலைப்பில் ஊர்ப் பெயர், அளவு, விலை மூன்றும் வரட்டும். மக்கள் தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் தேடுவதால் ஊர்ப் பெயரை இரண்டிலும் போடுங்கள். முதல் பதினைந்து நொடிக்குள் எந்த ஊர், எத்தனை சதுர அடி, என்ன விலை, என்ன குறை என்பதைச் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு சொத்துக்கும் ஒரு குறியீட்டு எண் கொடுங்கள். அழைப்பவர் 'உங்க 17ஆம் நம்பர் வீடு' என்று சொன்னால் உங்களுக்கும் எளிது, எந்தக் காணொளி அழைப்பைக் கொண்டுவருகிறது என்றும் தெரியும். விற்றதும் காணொளியை நீக்காமல், உரிமையாளர் முன்பே சம்மதித்திருந்தால், தலைப்பின் முன்னால் 'விற்கப்பட்டது' என்று சேருங்கள். அடுத்து வருபவருக்கு அது ஒரு விலைச் சான்றாகவும், உங்கள் உழைப்புக்கு அத்தாட்சியாகவும் நிற்கும். ஷார்ட்ஸ் போடலாம்; பார்வைகள் ஏறும். ஆனால் திருநெல்வேலியில் இருப்பவர் பத்தாயிரம் பேர் பார்ப்பதைவிட, தாம்பரத்தில் வாடகை கொடுத்துக்கொண்டு சொந்த வீடு தேடும் நூறு பேர் பார்ப்பது நமக்கு மேல்.

வருமானத்தைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். யூடியூப்பின் விளம்பர வருவாயில் முழுப் பங்கு பெற 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்துக்குள் 4,000 மணி நேரப் பார்வையும், அல்லது 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வைகளும் வேண்டும். ஒரு வட்டாரத்தை மட்டும் பேசும் சேனலுக்கு அதில் வரும் தொகை சிறியதே. 60 லட்ச ரூபாய் வீட்டுக்கு ஒரு சதவீதத் தரகே 60,000 ரூபாய். ஆண்டில் இரண்டு மூன்று பேரம் சேனல் வழியாகக் கூடுதலாக முடிந்தாலே அதற்கான உழைப்புக்குக் கூலி கிடைத்துவிடும். எனக்கு முதல் பேரம் சேனல் வழியாக முடிய ஒன்பது மாதம் ஆயிற்று. வாரம் ஒன்று என்று விடாமல் போட்டுவந்ததால்தான் அதுவும் நடந்தது.

சந்தாதாரர்கள் கூடும்போது கட்டுமான நிறுவனத்தார் பணம் தந்து காணொளி எடுக்கச் சொல்வார்கள். எடுக்கலாம், ஆனால் பணம் வாங்கியதை மறைக்கக் கூடாது. தவறான விளம்பரங்களைத் தடுக்க 2022 ஜூனில் ஒன்றிய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், பொருளைப் பரிந்துரைப்பவருக்கும் விற்பவருக்கும் இடையே உள்ள தொடர்பை வெளிப்படையாகச் சொல்லக் கோருகின்றன. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, தவறான விளம்பரத்துக்குத் துணைபோகும் பரிந்துரைப்பாளருக்கும் 10 லட்ச ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. யூடியூப்பிலேயே கட்டண விளம்பரம் என்று குறிக்கும் வசதி உண்டு. அதையும் தேர்ந்தெடுங்கள், வாயாலும் சொல்லுங்கள். 'ஸ்பான்சர்ஷிப்' என்ற பெயரில் கோப்புகளை இணைத்து வரும் மின்னஞ்சல்களை மட்டும் திறக்காதீர்கள். சேனலையே கைப்பற்றும் மோசடி அவ்வழியில்தான் நடக்கிறது.

வெளிநாட்டில் வாழும் தமிழர்கள் உங்கள் பார்வையாளர்களில் நிறைய இருப்பார்கள். வெளிநாடு வாழ் இந்தியர் இங்கே வீடும் மனையும் வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிப்பதில்லை. இதைத் தெரியாமல் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத் தவிப்பவர்கள் உண்டு என்பதால், நிலம் பற்றிய காணொளிகளில் தவறாமல் சொல்லுங்கள். அவர்களின் அழைப்பை ஏற்க இரவு ஒன்பது மணிக்கு மேல் அரை மணி நேரம் ஒதுக்கிவைத்துக்கொள்வது நல்லது.

முதல் மாதத்தில் வீடு எதையும் விற்கக் காட்டாதீர்கள். உங்களுக்கு ஒவ்வொரு வீடும் தெரிந்த நான்கு தெருக்களைத் தேர்ந்தெடுத்து, அங்கே நிற்கும் விலை, தண்ணீர், பள்ளிக்கூடம், பேருந்து, சாக்கடை ஆகியவற்றை நான்கு காணொளிகளாக எடுங்கள். அவற்றில் தாழ்வான தெரு ஒன்று கட்டாயம் இருக்கட்டும். 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டு முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதைப் பார்த்த வட்டாரம் இது. வீடு வாங்க வருபவர் வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் 'இங்கே தண்ணீர் நிற்குமா' என்ற கேள்வி அவர் மனத்தில் இருக்கிறது. மே மாதத்தில் எடுத்த எந்தக் காணொளியாலும் அதற்குப் பதில் சொல்ல முடியாது. எனவே அதே நான்கு தெருக்களுக்கும் வடகிழக்குப் பருவமழையில், நவம்பரில் நல்ல மழை பெய்த மறுநாள் காலை மீண்டும் போய், அதே இடங்களில் நின்று எடுங்கள். கைப்பேசிக்கு நீர்புகா உறை ஒன்றும், குடை பிடிக்கக் கூட ஓர் ஆளும் வேண்டியிருக்கும். இப்போதே ஏற்பாடு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.